கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை: காசநோய் மரபணுச் சோதனையும் உள்ளூர்க் கிருமிகளும்

முன்னுரை

காசநோயைக் கண்டறிவதில் டி.என்.ஏ. அடிப்படையிலான சோதனைக்கே முதலிடம் தர வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் எக்ஸ்பர்ட் எம்.டி.பி./ரிஃப் சோதனைக்கு ஒப்புதல் அளித்தது. நுண்ணோக்கியில் கிருமி தென்பட ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருக்க வேண்டும். இச்சோதனைக்கு 130 அளவில் இருந்தாலே போதும். வளர்ப்புச் சோதனைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதன் முடிவோ இரண்டு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். இந்த வேகமும் நுட்பமும் சோதனை முடிவை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளும் பழக்கத்தையும் வளர்த்துவிட்டன. அப்பழக்கம் ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு வட்டாரத்தில் பரவும் கிருமிகளின் மரபணு வரிசையைத் தொடர்ந்து கண்காணித்து வந்தால்தான் அங்கு மரபணுச் சோதனை தரும் விடையை நம்ப முடியும்.

சோதனை பார்ப்பது எதை?

சளி மாதிரியுடன் இரு மடங்கு வினைக்கரைசலைச் சேர்த்துக் குலுக்கி, 15 நிமிடம் வைக்கிறார் ஆய்வக நுட்புநர். சளியின் கொழகொழப்பு நீங்கி நீர்த்ததும் 2 மில்லிலிட்டரை எடுத்துக் கார்ட்ரிட்ஜில் விடுகிறார். மற்ற வேலைகள் கருவிக்குள் நடக்கின்றன. வடிகட்டியில் தங்கும் கிருமிகளை மீயொலி உடைக்கிறது. வெளிவந்த டி.என்.ஏ.வில் ஆர்.பி.ஓ.பி. மரபணுவின் ஒரு பகுதி மட்டும் பி.சி.ஆர். முறையில் பெருக்கப்படுகிறது. அங்குள்ள 81 கார இணைகளின் மீது ஐந்து ஒளிரும் துருவிகள் ஒட்டுகின்றன. ஐந்தும் உரிய நேரத்தில் ஒளிர்ந்தால், காசநோய்க் கிருமி உண்டு, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை என்று முடிவு வரும். இடையில் பிறழ்வு இருந்தால் அவ்விடத்துத் துருவி சரியாக ஒட்டாது. ஒளி வராமல் போகும், அல்லது தாமதமாக வரும். அதையே மருந்து எதிர்ப்பின் அடையாளமாகக் கருவி கொள்கிறது.

ரிஃபாம்பிசின் எதிர்ப்புப் பிறழ்வுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த 81 இணைகளுக்குள் அமைகின்றன என்பது உலகளாவிய கணக்கு. சோதனையின் வடிவமைப்பே அக்கணக்கை நம்பித்தான் நிற்கிறது. ஆனால் உலகச் சராசரி ஒவ்வொரு நாட்டுக்கும் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சோதனை தவறவிட்டவை

எஸ்வாத்தினி (அன்றைய சுவாசிலாந்து) இதற்குக் கண்கூடான சான்று. அங்கு 2009இல் நடந்த மருந்து எதிர்ப்புக் கணக்கெடுப்பில் கிடைத்த பன்மருந்து எதிர்ப்புக் கிருமிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் ஆர்.பி.ஓ.பி. மரபணு குறிக்கும் புரதத்தின் 491ஆவது இடத்தில் ஐசோலூசினுக்குப் பதிலாகப் பீனைல்அலனைன் இருந்தது. இந்த ஆய்வு 2015இல் வெளியானது. அவ்விடம் 81 இணைகளுக்கு வெளியே உள்ளதால் கருவி அதைப் பார்ப்பதே இல்லை. அத்தகைய நோயாளிகளுக்கு 'எதிர்ப்பு இல்லை' என்ற முடிவு வரும். பயன் தராத மருந்தையே அவர்கள் உண்பார்கள். தானியங்கித் திரவ ஊடக வளர்ப்பும் இப்பிறழ்வைப் பல வேளைகளில் தவறவிடுகிறது. ஆகவே பழைய முறைக்குத் திரும்புவதும் தீர்வாகாது.

நம் மண்ணிலும் இதற்கு இணையான பாடம் உண்டு. ஐ.எஸ்.6110 என்னும் செருகு வரிசை காசநோய்க் கிருமியில் பல படிகளாக இருக்கும் என்பதால், தொடக்ககாலப் பி.சி.ஆர். சோதனைகள் பலவும் அதையே இலக்காகக் கொண்டன. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) மரபணுக் கைரேகை ஆய்வுகள், தென்னிந்தியக் கிருமிகளில் கணிசமானவற்றில் அவ்வரிசை ஒரே ஒரு படிதான் உண்டு என்றும், சிலவற்றில் அறவே இல்லை என்றும் காட்டின. பிற நாட்டுக் கிருமிகளை வைத்து வகுத்த சோதனை இங்குள்ள நோயாளியின் கிருமியைக் காணாமல் விடக்கூடும் என்பது இதனால் உறுதியாயிற்று.

இன்னும் கவலை தருவது ஸ்வீடன் அனுபவம். அது காசநோய் பற்றியதன்று, கிளமிடியா என்னும் பாலியல் தொற்றுக் கிருமி பற்றியது. அங்கு 2006இல் கண்டறியப்பட்ட அக்கிருமியின் புதிய உள்வகையின் பிளாஸ்மிடில் 377 கார இணைகள் இல்லை. பரவலாகப் பயன்பட்ட இரு சோதனைகளின் இலக்கு அந்தப் பகுதிக்குள் இருந்தது. அச்சோதனைகளை நம்பிய மாவட்டங்களில் புதிய உள்வகையின் பங்கு பிற மாவட்டங்களைவிட மிகுந்திருந்தது. சோதனைக்குச் சிக்கிய கிருமிக்குச் சிகிச்சை கிடைத்தது, சிக்காதது பரவியது. அதாவது, கண்காணிப்பில்லாத சோதனை, தன்னால் காண முடியாத கிருமிக்கே வழிவிட்டுக் கொடுக்கிறது.

மறுப்பும் விடையும்

இவை அரிய நிகழ்வுகள், மேம்பட்ட சோதனைகள் வந்துவிட்டன என்று மறுக்கலாம். ஐ.எஸ்.6110, ஐ.எஸ்.1081 இரண்டையும் சேர்த்துத் தேடும் எக்ஸ்பர்ட் அல்ட்ரா உண்மையிலேயே நல்ல முன்னேற்றம். ஓர் இலக்கு இல்லாவிட்டாலும் மற்றது கைகொடுக்கும். ஆயினும் 491ஆவது இடம் அதன் பார்வைக்கும் அப்பால்தான் இருக்கிறது. செலவு என்பது அடுத்த மறுப்பு. எல்லா மாதிரிகளையும் முழு மரபணு வரிசையாக்கத்துக்கு உட்படுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் குறித்த கால இடைவெளியில் தெரிவு செய்த மாதிரிகள் போதும்.

முடிவுரை

மூன்று நடவடிக்கைகள் இன்றியமையாதவை. சோதனைக் கருவிகளுக்கான நிதியிலேயே உள்ளூர்க் கிருமிகளின் வரிசையாக்கத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். 'எதிர்ப்பு இல்லை' என்று முடிவு வந்தும் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளிக்கு அதே சோதனையைத் திரும்பச் செய்யாமல், கிருமியை வளர்த்து வரிசையாக்கம் செய்ய வேண்டும். அதற்கான வளர்ப்பு ஆய்வகங்களை, மரபணுக் கருவி வந்துவிட்டது என்று சொல்லிக் கைவிடக் கூடாது. மருந்தை ஒழுங்காக உண்டும் நோய் தீராதவரிடம் குறை காண்பதற்கு முன், நாம் செய்த சோதனை அவருடைய கிருமியைச் சரியாகப் பார்த்ததா என்று கேட்பது மருத்துவ அறிவியலின் கடமை.