திண்டுக்கல் சுருட்டும் ஓட்செல் புற்றும்

1887இல் வெளியான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில், தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டே கொலையாளி புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார் ஷெர்லக் ஹோம்ஸ். அந்தப் பெயரில் கடல் கடந்த சுருட்டுகளுக்குத் திண்டுக்கல் சமவெளியின் புகையிலை பயன்பட்டது என்பது நம்மில் பலர் அறியாதது. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டு ஆலை திண்டுக்கல்லில் இயங்கியது. 1948இல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. புகையிலை இம்மண்ணுக்குச் சோறு போட்டது உண்மை. பதிலுக்கு அது உலகெங்கும் வாங்கிக்கொண்ட உயிர்களின் கணக்கு மருத்துவ வரலாற்றில் இருக்கிறது.

அக்கணக்கில் மிகக் கொடியது சிறுசெல் நுரையீரல் புற்று. நரம்புச் செல்லின் இயல்பும் நாளமில்லாச் சுரப்பியின் இயல்பும் கலந்த நியூரோஎண்டோகிரைன் கட்டிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் கார்சினாய்டு என்ற சாதுவான கட்டியும் உண்டு. அறுத்து அகற்றினால் பெரும்பாலோர் பல்லாண்டு வாழ்வர். சிறுசெல் புற்று அப்படியன்று. பெரும்பாலும் புகைப்பவர்களையே பற்றும். கண்டறியும்போதே மூவரில் இருவருக்கு வெகுதூரம் பரவியிருக்கும்.

நுண்ணோக்கியில் ஓட்ஸ் தானியம்போலத் தெரிந்ததால் இதற்கு ஓட்செல் என்று பெயர் வந்தது. மார்பின் நடுப்பகுதியில் தோன்றும் சார்கோமா என்று கருதப்பட்ட இக்கட்டி நுரையீரலில் கிளம்புவதே என்று 1926இல் டபிள்யூ. ஜி. பர்னார்டு இங்கிலாந்தில் நிறுவினார். (சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியல் நிலையம் வேறொரு பர்னார்டின் பெயரைத் தாங்குவது.)

கத்தியா, கதிரா என்ற கேள்விக்கு விடை தந்தது பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை. 144 நோயாளிகளில் 71 பேர் அறுவைக்கும் 73 பேர் கதிர்வீச்சுக்கும் ஒதுக்கப்பட்டனர். சராசரி ஆயுள் முன்னவர்களுக்கு 199 நாள், பின்னவர்களுக்கு 300 நாள். ஐந்தாண்டு கடந்தவர்கள் கதிர்ப் பிரிவில் மூவர். அறுவைப் பிரிவில் ஒருவர், அவரும் உண்மையில் அறுவை செய்துகொள்ளாதவர்! பத்தாண்டுத் தொடர்நோக்கு 1973இல் வெளியானது. நூற்றுக்கு நான்கு என்பது அற்பமான எண்தான். ஆயினும் கதிர் வென்றிருந்தது.

தமிழகத்திலும் கதிர் வளர்ந்துகொண்டிருந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1957இல் கோபால்ட் கருவியும், 1976இல் இந்தியாவின் முதல் நேர்கோட்டு முடுக்கியும் வந்தன. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளையே அதற்குத் தந்தனர்.

அடுத்த பாய்ச்சல் 1999இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. நோய் மார்பின் ஒரு பாதியோடு நின்ற 417 பேருக்கு சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு மருந்துகளோடு 45 கிரே கதிர் தரப்பட்டது. அதே அளவை நாளுக்கு ஒருமுறையாக ஐந்து வாரம் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும், நாளுக்கு இருமுறையாக மூன்று வாரத்தில் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரும் ஐந்தாண்டு வாழ்ந்தனர். மொத்த அளவு மாறவில்லை. விரைவாகப் பெருகும் செல்லுக்கு மூச்சுவிட நேரம் தரவில்லை, அவ்வளவே. நோய் முற்றும் மறைந்தவர்களின் மூளைக்கு முன்கூட்டியே கதிர் தந்தால் மூன்றாண்டு வாழ்வோர் 15.3இலிருந்து 20.7 விழுக்காடாக உயர்வதாக அதே ஆண்டு 987 பேரின் தொகுப்பாய்வு காட்டியது. கதிரும் மருந்தும் முடிந்தபின் துர்வலுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்தைச் சேர்த்தால் இடைநிலை ஆயுள் 33.4இலிருந்து 55.9 மாதமாக நீள்வது 2024இல் தெரியவந்தது.

இந்த எண்கள் யாருக்கு உரியவை? நோய் மார்பைத் தாண்டுமுன் வந்து சேர்ந்தவர்களுக்கு. நாளுக்கு இருமுறை, குறைந்தது ஆறு மணிநேர இடைவெளியில், மூன்று வாரம் கருவிக்கு அருகிலேயே தங்க முடிந்தவர்களுக்கு. புகைப்பவரின் இருமல் என்றும் காசம் என்றும் மாதங்களைக் கடத்திவிட்டு, கூலியை விட்டுத் தொலைநகருக்குப் பயணப்படும் உழவருக்கு அந்த 26 எட்டாமலே போகலாம்.

ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் 2003 முதல் திண்டுக்கல் மாவட்டத்துக்கான புற்றுநோய்ப் பதிவேடு பேணப்பட்டது. பிரிட்டனில் 144 பேரைப் பொறுமையாக எண்ணியதால்தான் கத்தி கீழே வைக்கப்பட்டது. கிராமத்து நோயாளியையும் பெயரெழுதி எண்ணுவதிலிருந்துதான் கருவி அவரிடம் வந்துசேரும் வழியும் தொடங்க வேண்டும்.