சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை: வழியில் சந்தித்தவர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் ஒன்பதாம் தர வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது. "சேர், செரண்டிபிட்டி எண்டு இங்கிலீசில ஒரு சொல் இருக்காம். அது எங்கட நாட்டின்ர பழைய பேரில இருந்து வந்ததாம். உண்மையா?"

உண்மைதான். அரபு மாலுமிகள் இலங்கையைச் செரந்தீப் என்றார்கள். அந்த நாட்டு இளவரசர்கள் மூன்று பேர் பயணம் போன பாரசீகக் கதை 1557 இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சானது. 1754 ஜனவரி 28 ஆம் திகதி ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கதையை நினைத்துக்கொண்டு இந்தச் சொல்லை உருவாக்கினார். தேடாத ஒன்று தற்செயலாகக் கைக்கு வருவது என்று இன்று பொருள் சொல்கிறோம். வால்போல் இன்னொன்றையும் சேர்த்தே சொன்னார். தற்செயல் மட்டும் போதாது, கிடைத்ததை இன்னதென்று அறிந்துகொள்ளும் கூர்மையும் வேண்டும்.

பிள்ளைக்கு இவ்வளவும் சொன்னோம். மணி அடித்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறோம்.

செரந்தீப்புக்குத் தேடாமலே வந்து சேர்ந்தவர்களில் பெயர் பெற்றவர் இப்னு பதூதா. மொரோக்கோவின் தஞ்சியரில் பிறந்தவர். 1344 இல் மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்கு, அரபிகள் மஅபர் என்ற தேசத்துக்குக் கப்பலேறினார். காற்று மாறிவிட்டது. ஒன்பதாம் நாள் அவர் கண்ட கரை இலங்கைக் கரை. கப்பற்காரர்கள் பயந்தார்கள். அது ஆரியச்சக்கரவர்த்தியின் துறை, வணிகர்கள் பயமில்லாமல் நுழையும் இடமல்ல என்றார்கள். ஆரியச்சக்கரவர்த்தி எங்கள் யாழ்ப்பாண இராச்சியத்தின் அரசர். அவரை இப்னு பதூதா சந்தித்த பத்தாலா என்ற ஊரைப் புத்தளம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

அரசருக்குப் பாரசீகம் விளங்கியது. மூன்று நாள் விருந்தாளியாக வைத்திருந்து, முத்துகளும் கொடுத்து, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும், வேறு ஆசை இல்லை என்றார் விருந்தாளி. அரசர் ஒரு பல்லக்கும், ஒவ்வொரு வருடமும் அந்த மலைக்குப் போய்வரும் நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், தன் ஆட்கள் பத்துப் பேரும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினார். ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்கு வழிகாட்டியவர்கள் யோகிகள். அனுப்பியவர் யாழ்ப்பாண அரசர். இது நடந்து ஏறத்தாழ 680 வருடங்கள்.

அந்த வழியில் அவர் ஒரு கதை கேட்டார். முன்னொரு காலத்தில் ஷீராஸ் நகரத்து ஷெய்கு இப்னு கபீப் முப்பது பேருடன் அந்த மலைக்குப் போனாராம். காட்டில் வழி தவறிப் பசி வந்தது. ஷெய்கு தடுத்தும் கேளாமல் மற்றவர்கள் ஒரு யானைக்குட்டியைக் கொன்று தின்றார்கள். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவராக மோந்து பார்த்துக் கொன்றன. சாப்பிடாத ஷெய்கை மட்டும் ஒரு யானை முதுகில் தூக்கிக்கொண்டு போய் ஊர் மனையில் இறக்கிவிட்டது. அதற்கு முன் அந்த ஊரார் முஸ்லிம்களைக் கிட்டச் சேர்ப்பதில்லையாம். அதற்குப் பிறகு வீட்டுக்குள் கூப்பிட்டு உபசரித்தார்களாம்.

கதையின் யானையை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். எங்களுக்குப் பிடித்தது அதன் கடைசிப் பகுதி. ஒரு நல்ல சந்திப்பு, பின்னால் வரும் எத்தனையோ பேருக்குக் கதவைத் திறந்துவைத்தது.

இனி எங்கள் குடாநாட்டுக்கு வருவோம்.

தொண்டைமானாற்றுக் கரையில் செல்வச் சந்நிதி முருகன் கோயில் இருக்கிறது. அன்னதானக் கந்தன் என்றும் சின்னக் கதிர்காமம் என்றும் சனம் சொல்லும். கதிர்காமப் பாதயாத்திரையின் வடக்குத் தொடக்கம் அதுதான். வைகாசியை ஒட்டி வேலோடு புறப்படுவார்கள். முல்லைத்தீவு, வற்றாப்பளை, திருகோணமலை, மூதூர், வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கிழக்குக் கரையோடு போய், பிறகு குமண, யால காடுகளுக்குள் நாவலடி, வியாழை, கட்டகாமம் கடந்து மாணிக்க கங்கைக் கரையில் முடியும். ஐந்நூறு கிலோமீற்றருக்கும் மேல். ஒன்றரை மாதத்துக்குக் குறையாத நடை. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று எங்கள் சனத்தின் ஊர்களும் அதே கரையில்தான் வரிசையாக இருக்கின்றன.

ஒரு முஸ்லிம் வாத்தியார் இதையெல்லாம் எழுதலாமா என்று யாரும் கேட்டால் எங்கள் பதில் இதுதான்: வணக்கம் அவரவருக்கு. வழி எல்லாருக்கும்.

இந்த வழியின் இரண்டு அந்தத்திலும் முகம் தெரியாத ஒருவருடனான சந்திப்பு இருக்கிறது. சந்நிதியின் மரபு மருதர் கதிர்காமர் என்ற மீனவரைப் பற்றியது. ஆற்றங்கரையில் தொழில் செய்துகொண்டிருந்தவரை யாரோ அக்கரையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். கூப்பிட்டவர் முருகன் என்று பிறகுதான் தெரிந்ததாம். அவருடைய வழி வந்தவர்கள் இன்றும் வாயைத் துணியால் கட்டி, மந்திரமில்லாமல் அங்கே பூசை செய்கிறார்கள்.

மற்ற அந்தம் கதிர்காமம். கோயிலுக்குக் கிட்டவே பள்ளிவாசல் இருக்கிறது. ஹிள்ர் நபியின் பெயரோடு சேர்த்து எங்கள் முன்னோர் அந்த இடத்தை மதித்தார்கள். திருவிழாக் காலத்தில் பள்ளியிலும் கொடி ஏறும். ஹிள்ர் யார்? வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் ஓதும் கஹ்ஃபு சூராவில் மூஸா நபி ஒரு நீண்ட நடை போகிறார். இரண்டு கடல் சேரும் இடத்தில் ஓர் அறிஞரைச் சந்திக்க வேண்டும். கொண்டுபோன மீன் ஓரிடத்தில் நழுவிக் கடலுக்குள் போய்விடுகிறது. கூட வந்த இளைஞர் சொல்ல மறந்துவிடுகிறார். களைத்துப்போய்ச் சாப்பாடு கேட்கும்போதுதான் விசயம் தெரிகிறது. மீன் தொலைந்த இடமே தேடி வந்த இடம். வந்த காலடியைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போகிறார்கள். அங்கே அவர் இருக்கிறார். குர்ஆனில் அவருக்குப் பெயர் இல்லை. ஹதீஸில்தான் ஹிள்ர் என்று வருகிறது.

பாதயாத்திரை போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காட்டில் வழி தவறியபோது ஒரு கிழவர் வந்து காட்டினார், தாகத்தில் விழுந்தபோது ஒரு பொடியன் தண்ணி தந்தான், திரும்பிப் பார்த்தால் ஆளில்லை என்று யாராவது ஒருவர் சொல்லுவார். அதனால்தான் அவர்கள் எதிரே வருகிற எல்லாரையும் சாமி என்று கூப்பிடுகிறார்கள். யார் யாரென்று தெரியாதல்லவா.

ஆனால் வழி எப்போதும் திறந்திருக்கவில்லை. 1983 இல் நாடு எரிந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் நடை நின்றது. 1972 இல் பழைய சாமிமாரோடு நடந்து பழகிய பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கரும், எஞ்சிய சிலரும் 1988 இல் கிழக்கில் அதை மீண்டும் தொடங்கினார்கள். சந்நிதியிலிருந்து போகும் வழி முழுதாகத் திறக்கப் போர் முடிய வேண்டியிருந்தது.

எங்களுக்கு இன்னொரு வழியும் நினைவிருக்கிறது. 1990 ஒக்டோபர் 30. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சோனகத் தெருவிலும் ஐந்து சந்தியைச் சுற்றியும் இருந்த நாங்கள் எல்லோரும் ஜின்னா மைதானத்தில் கூட வேண்டும் என்றார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டார்கள். எங்களில் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். ஆரியச்சக்கரவர்த்தி வழிப்போக்கரான ஒரு முஸ்லிமை வரவேற்ற அதே புத்தளம்.

சில தூரம் வாகனத்தில், சில தூரம் கால்நடையாகப் போனோம். வன்னியில் ஏதோ ஒரு சந்தியில் ஒரு தமிழ்ப் பெண் படலையைத் திறந்துகொண்டு வந்து உம்மாவிடம் ஒரு செம்பு தண்ணீர் நீட்டினார். உம்மா கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் கேட்காமல் வந்துவிட்டேனே என்பதுதான் அவருடைய கவலை.

சில வருடங்களுக்கு முன் ஒரு வைகாசி. ஆசிரியர்கள் ஐந்து பேர் ஒரு கலியாண வீட்டுக்காக வானில் முல்லைத்தீவுக்குப் போனோம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ரயர் காற்றுப் போய்விட்டது. மாற்று ரயரிலும் காற்றில்லை. சாரதி வேறு ரயர் தேடிப் போக, நாங்கள் ஒரு மரத்தடியில் குந்தினோம். கொண்டுவந்த தண்ணீரும் முடிந்துவிட்டது.

அப்போதுதான் சந்நிதியிலிருந்து வந்த ஒரு பாதயாத்திரைக் குழு அந்த மரத்தடிக்கு வந்தது. தொப்பியையும் தாடியையும் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. தங்கள் போத்தல்களையும் ஒரு பை மோதகத்தையும் நீட்டினார்கள். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா எங்களுக்குப் பக்கத்தில் இருந்து காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எவடம் தம்பியவை?"

"யாழ்ப்பாணந்தான் அம்மா. சோனகத் தெரு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "நான் அப்ப ஓட்டுமடத்தில இருந்தனான். அண்டைக்குப் படலையடியில நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டனான். சனம் சனமாப் போனியள். ஒரு வாய் தண்ணி தரவும் பயத்தில வெளியால வரேல்லை. எத்தனை வருசமா இது நெஞ்சுக்குள்ள கிடக்கு."

எங்களில் ஒருவர் "பரவாயில்லை அம்மா" என்றார். அவர் தலையை ஆட்டினார். மற்றவர்கள் எழும்ப, அவரும் தடியை ஊன்றி எழும்பி நடந்துவிட்டார்.

வானில் போகும்போது அந்தப் 'பரவாயில்லை' எங்களை உறுத்தியது. இழந்தவர்கள் எல்லாருக்குமாக, திரும்பி வரமுடியாமல் புத்தளத்தில் மௌத்தாகிப் போனவர்களுக்குமாக அதைச் சொல்ல நாங்கள் யார்? ஆனால் அந்த அம்மா மன்னிப்பை வாங்கிக்கொண்டு போக இருக்கவில்லை. இருந்ததைச் சொன்னார், போனார். இத்தனை வருடத்தில் எங்கள் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். உம்மாவைப் போலவே நாங்களும் பெயர் கேட்காமல் விட்டுவிட்டோம்.

இதைத் தற்செயல் என்று சொல்லலாம். ரயர் அந்த இடத்தில் போயிருக்காவிட்டால் அவரைக் கண்டிருக்க மாட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நின்றுபோன நடையை 1988 இல் சிலர் பிடிவாதமாகத் தொடங்கியிருக்கிறார்கள். போர் முடிந்து வீதி திறந்திருக்கிறது. நாங்கள் கொஞ்சப் பேராவது ஊர் திரும்பியிருக்கிறோம். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த மரத்தடியில் ஒருவரும் இருந்திருக்க மாட்டோம். தற்செயல் நடப்பதற்குக்கூட வழி திறந்திருக்க வேண்டும். அதைத் திறந்து வைப்பது மனிதரின் வேலை.

வகுப்பில் கேட்ட பிள்ளைக்கு மிச்சப் பதில் இதுதான். நாளை சொல்லுவோம். நீங்களும் வீதியில் பாதயாத்திரை போகிறவர்களைக் கண்டால் வாகனத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரு போத்தல் தண்ணீர் கொடுங்கள். முடிந்தால் பெயரையும் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.