கையடக்க விளையாட்டுக் கருவியின் வலு: தீவக அனுபவத்தின் ஒளியில் ஒரு மதிப்பீடு

பொறியொன்றின் வலுவை அதன் உறுப்புக்களின் எண்களைக் கொண்டு அளப்பதே பொது வழக்கு. முறைவழியாக்கி எத்தனை பிட், நினைவகம் எவ்வளவு, திரையில் எத்தனை நிறம் என்ற வினாக்களுக்கு விடை கிடைத்ததும் மதிப்பீடு முடிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. சுவரிலுள்ள மின்குதையிற் பொருத்தப்படும் பொறிக்கு இவ்வளவுகோல் ஓரளவு பொருந்தும். கையிலே வைத்து இயக்கப்படும் பொறிக்கும் அது பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரலாறும், எரிபொருளைக் கடல் கடந்து பெறவேண்டியிருந்த யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாறும் இவ்வினாவுக்கு ஒரே விடையைத் தருகின்றன.

யப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோ 1980 இல் ‘கேம் அன்ட் வோச்’ என்ற சிறு கருவியை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர் குன்பெய் யொகோய். கைக்கணிப்பான்களின் பெருக்கத்தால் விலை வீழ்ந்திருந்த திரவப் பளிங்குத் திரையையும் நான்கு பிட் சில்லையும் அவர் விளையாட்டுக்குப் பயன்படுத்தினார். பொத்தான் வடிவச் சிறு மின்கலங்களே அதனை இயக்கப் போதுமாயின. புத்தம் புதியதைத் தேடி ஓடாது, முதிர்ந்து மலிந்த தொழினுட்பத்தைப் புதிய பயனுக்குத் திருப்புவதே அவரது கொள்கை. அக்கொள்கையின் பெருவிளைவே 1989 இல் அவரது பிரிவினர் உருவாக்கிய ‘கேம் போய்’ ஆகும். 4.19 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கும் எட்டுப் பிட் முறைவழியாக்கி, 8 கிலோபைற்று வேலை நினைவகம், அகலத்தில் 160 உம் உயரத்தில் 144 உம் ஆகிய புள்ளிகளைக் கொண்ட திரை, அத்திரையில் நிறங்களுக்குப் பதிலாக நான்கு சாயைகள் ஆகியனவே அதன் செல்வம்.

அதே 1989 இல் அற்றாரி நிறுவனம் ‘லிங்ஸ்’ என்ற கருவியையும், 1990 இல் சேகா நிறுவனம் ‘கேம் கியர்’ என்ற கருவியையும் வெளியிட்டன. இரண்டும் பின்னொளி கொண்ட வண்ணத் திரைகளை உடையவை. எண்களால் அளப்பின் ‘கேம் போய்’ இவற்றுக்கு ஈடாகாது. ஆயினும் அது நான்கு சிறு உலர் மின்கலங்களில் ஏறத்தாழ 15 மணி நேரம் இயங்கியது. ‘லிங்ஸ்’ ஆறு மின்கலங்களை நான்கு அல்லது ஐந்து மணி நேரத்தில் தீர்த்தது. அறுபது மணி நேரம் விளையாட முன்னதற்கு 16 மின்கலங்கள் வேண்டும். பின்னதற்கு, ஐந்து மணி நேரம் எனக் கொள்ளினும், 72 மின்கலங்கள் வேண்டும். ‘லிங்ஸ்’ சில ஆண்டுகளிற் சந்தையை விட்டு மறைந்தது. ‘கேம் போய்’ தன் பிற்கால வண்ண வடிவத்துடன் சேர்த்து 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. விலையும் விளையாட்டுக்களின் தரமும் இவ்வெற்றிக்குத் துணைநின்றன என்பது உண்மை. எனினும் மின்கலச் சிக்கனத்தின் பங்கு மறுக்கத்தக்கதன்று.

மின்கலம் தீர்ந்தால் கடையில் வாங்கலாம் என்ற நிலையில் இவ்வேறுபாடு பணச் செலவு மட்டுமே. கடையில் மின்கலமே இல்லாத காலமும் இம்மண்ணில் இருந்தது. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளால் ஊர்காவற்றுறை முதலான இடங்களிலிருந்து இடம்பெயர்ந்த தீவக மக்களிற் பெருந்தொகையினர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தஞ்சமடைந்தனர். அங்கு மின்விநியோகம் அற்றுப்போயிருந்தது. பொருளாதாரத் தடையின் பட்டியலில் எரிபொருளோடு மின்கலங்களும் இடம்பெற்றன. மக்கள் மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அத்தகைய தைனமோ பொதுவாக 6 வோல்ற்றில் 3 வாற்று வலுவைத் தருவது. ‘கேம் போய்’ வேண்டியதும் 6 வோல்ற்றே. அது நுகர்ந்ததோ ஒரு வாற்றுக்கும் குறைவு. ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றிக்கொண்டால், கணக்களவில் ஒரு தைனமோ அத்தகைய கருவிகள் மூன்றுக்கு மேல் இயக்கவல்லது. எண்களில் எளியதாயிருந்த கருவியின் உண்மையான வலு இங்கேதான் வெளிப்படுகின்றது.

இதனாற் குறைபாடே சிறப்பு என்று முடிவு செய்தல் தவறாகும். பின்னொளியை நீக்கியே ‘கேம் போய்’ மின்னைச் சேமித்தது. எனவே இருளில் அதன் திரை தெரியாது. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி விளக்கேற்றிய வீட்டில் அச்சேமிப்பின் விலையை அவ்விளக்கே செலுத்த நேர்ந்திருக்கும். மேலும், 2001 இல் வெளிவந்த ‘கேம் போய் அட்வான்ஸ்’ முப்பத்திரண்டு பிட் முறைவழியாக்கியைக் கொண்டும் இரண்டே மின்கலங்களில் ஏறத்தாழ 15 மணி நேரம் இயங்கியது. வலுவும் சிக்கனமும் பகையல்ல என்பதற்கு இது சான்று.

2017 இல் வெளிவந்த ‘நின்ரெண்டோ சுவிச்’ இவ்வுண்மையை வேறொரு வகையில் விளக்குகின்றது. அதன் நினைவகம் 4 கிகாபைற்று. முதற் ‘கேம் போயின்’ வேலை நினைவகத்தைப்போல் ஐந்து இலட்சம் மடங்குக்கு மேற்பட்டது. ஆயினும் தாங்கியிற் பொருத்தி மின்குதையிலிருந்து மின் பெறும்போது வரைவியற் சில்லுக்கு வழங்கப்படும் வேகம், கையில் எடுத்ததும் குறைக்கப்படுகின்றது. சில்லு ஒன்றே, இடம் மாறியதும் அதன் ஆற்றல் மாறுகின்றது. முதலில் வெளிவந்த வடிவம் கையில் இயங்கும் நேரம் இரண்டரை முதல் ஆறரை மணி வரையே.

தீவகமும் இவ்வாறே இருவகைப்படும். வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் குடாநாட்டோடு பிணைக்கப்பட்டவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன கடலாற் பிரிக்கப்பட்டு, நீண்ட காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. இம்மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டத்துக்கு 2022 இல் இந்தியாவுடன் உடன்படிக்கை செய்யப்பட்டு, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அத்திட்டத்தில் 1,700 கிலோவாற்றுச் சூரிய மின்னும் 530 கிலோவாற்றுக் காற்று மின்னும் மட்டுமன்றி, 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலத் தொகுதியும் அடங்கும். ஆக்கும் வலுவோடு சேமிக்கும் வலுவும் எண்ணப்பட்டமை கருதத்தக்கது.

ஆதலின் கையடக்கக் கருவியின் வலு அதன் சில்லில் மட்டும் தங்கியிருப்பதில்லை. கிடைக்கும் சக்தியைக் கொண்டு எவ்வளவு வேலையை எவ்வளவு நேரம் செய்கின்றது என்பதிலும் தங்கியுள்ளது. தீவகப் பாடசாலைக்குக் கணினி தெரிவோரும் மருத்துவ நிலையத்துக்குக் கருவி வாங்குவோரும் விலைப்பட்டியலின் முதல் வரியோடு நின்றுவிடாது, மின் நின்ற பின் அது எத்தனை மணி நேரம் உழைக்கும் என்று வினாவுதல் வேண்டும். கரையில் நின்று அளந்த வலு கடலைத் தாண்டும்போது சுருங்கும் என்பதைத் தீவக மக்கள் அனுபவத்தால் அறிந்துள்ளனர்.