நெடுவழிப் பறப்புத் திட்டமிடல்

நெடுவழிப் பறப்புத் திட்டமிடல் என்பது, சிறிய வானூர்தியில் தொலைவிலுள்ள மற்றொரு நிலையத்துக்குப் புறப்படும் முன்னர் வழி, காற்று, எரிபொருள், பாரம், வானிலை ஆகியவற்றை வானோட்டி தரையிலேயே கணித்துக்கொள்ளும் பணியாகும். இவ்வகைப் பறப்பு கிராஸ் கன்ட்ரி என்று அழைக்கப்பட்டாலும் நாட்டையே கடக்க வேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் தனியார் வானோட்டி உரிமத்துக்குப் பயில்பவர், புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல்மைலுக்கு மேலுள்ள இடத்தில் இறங்கினாலே அது இக்கணக்கில் சேரும். இக்கட்டுரை அந்நாட்டு விதிகளை ஒட்டியது.

வழியும் காற்றும்

முதலில் 1:500,000 அளவுத்திட்ட வரைபடத்தில் கோடு வரையப்படுகிறது. அக்கோட்டருகே ஆறு, தொடர்வண்டிப் பாதை, ஏரி போன்ற, மேலிருந்து ஐயமின்றி அடையாளம் காணத்தக்கவை வழிக்குறிகளாகத் தெரிவு செய்யப்படுகின்றன. கோட்டின் உண்மைத் திசையுடன் அவ்விடத்தின் காந்த விலக்கம் மேற்காயின் கூட்டப்படும், கிழக்காயின் கழிக்கப்படும். பக்கக் காற்றுக்கேற்ப வானூர்தியின் முகப்பைத் திருப்ப வேண்டிய கோணமும் கணிக்கப்படும். இக்கணக்குகளுக்கு, பிலிப் டால்டன் 1930களில் உருவாக்கிய இ6பி என்னும் வட்டக் கணிப்பான் இன்றும் பயிற்சியில் பயன்படுகிறது. திசையில் 1 பாகை பிழை நேர்ந்தால், 60 கடல்மைல் தொலைவில் ஏறத்தாழ 1 கடல்மைல் வழி விலகும்.

போகும்போது எதிர்க்கும் காற்று திரும்பும்போது உதவும், ஆகவே கணக்கு சரியாகிவிடும் எனப் பயில்வோர் பலர் எண்ணுவதுண்டு. இது தவறு. 110 நாட் வேகமுள்ள வானூர்தி 180 கடல்மைல் சென்று திரும்பக் காற்றில்லாத நாளில் சுமார் 3 மணி 16 நிமிடம் ஆகும். 20 நாட் காற்று நேரெதிரே வீசினால் போக 2 மணி, திரும்ப 1 மணி 23 நிமிடம். மொத்தம் 7 நிமிடம் கூடுதல். எதிர்க்காற்றில் செலவாகும் நேரம் அதிகம் என்பதே காரணம்.

எரிபொருளும் பாரமும்

சேருமிடத்தை அடைந்த பின்னரும் வழக்கமான வேகத்தில் பகலில் 30 நிமிடமும் இரவில் 45 நிமிடமும் பறக்கப் போதிய எரிபொருள் இருக்குமெனக் கணித்த பின்னரே புறப்படலாம் என்பது விதி. இது மிகக் குறைந்த அளவே. ஒரு மணிநேர இருப்பை வைத்துக்கொள்வோரும் உளர். தொட்டியை நிரப்பிவிட்டால் போதும் என்பதும் இல்லை. வானூர்திப் பெட்ரோல் ஒரு கேலன் ஏறத்தாழ 6 பவுண்டு எடையுள்ளது. செஸ்னா 172எஸ் வகையில் பயன்படுத்தத்தக்க 53 கேலனும் நிரப்பினால் 318 பவுண்டு ஆகும். அதன் மேல் நான்கு பெரியவர்களும் பெட்டிகளும் ஏறினால் புறப்பாட்டு எடை வரம்பான 2,550 பவுண்டு பெரும்பாலும் மீறப்படும். அப்போது ஒருவரை இறக்க வேண்டும், அல்லது எரிபொருளைக் குறைத்து இடையில் நிரப்பிச் செல்ல வேண்டும்.

உயரமான நிலையங்களில் வெப்பமான நாளில் காற்றின் அடர்த்தி குறைவதால் இறக்கை, எந்திரம், சுழல்விசிறி மூன்றும் நலிவடைகின்றன. கொலராடோவின் லெட்வில் நிலையம் 9,900 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளது. இத்தகைய இடங்களில் ஓடுபாதை நீளத்தைக் கையேட்டு அட்டவணையுடன் ஒப்பிடாமல் புறப்படுவது பேரிடருக்கு வழிவகுக்கும்.

வானிலையும் பறப்புத் திட்டமும்

வானிலை மோசமானால் எங்கே திரும்புவது என்பதையும் முன்னரே தீர்மானிப்பது நன்று. 1999 சூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடி இளையவர் நியூ செர்சியிலிருந்து மார்த்தாசு வின்யார்டு தீவை நோக்கிப் பைப்பர் சரட்டோகா வானூர்தியைச் செலுத்தினார். கருவிகளை மட்டும் கொண்டு பறக்கும் தகுதி அவரிடம் இருக்கவில்லை. மங்கலான இருளில் கடலின் மேல் தொடுவானம் தெரியாத நிலையில் திசையுணர்வு இழந்து வானூர்தி வீழ்ந்தது. அவருடன் மனைவியும் மனைவியின் சகோதரியும் இறந்தனர். அப்பறப்புக்குப் பறப்புத் திட்டம் பதிவு செய்யப்படவில்லை. விதிப்படி அது கட்டாயமும் அன்று.

பதிவு செய்திருந்தால், சேர வேண்டிய நேரத்துக்கு 30 நிமிடத்தின் பின்னும் திட்டம் முடித்துவைக்கப்படாதபோது பறப்புச் சேவை நிலையம் விசாரிக்கத் தொடங்கும். விபத்தைத் தடுக்காவிடினும் தேடுதலை இது விரைவுபடுத்தும். பத்திரமாக இறங்கியவர் திட்டத்தை முடித்துவைக்க மறந்தாலும் இதே விசாரணை தொடங்கிவிடும்.