வழக்கம்: வழி திறந்த சொல்லும் வழி அடைத்த சொல்லும்

திருவண்ணாமலைச் சீமையில் எந்தக் கட்டுப்பாட்டையும் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பிணம் போகிற பாதையானாலும் தேர் நிற்கிற தெருவானாலும் பதில் ஒன்றுதான்: "ஊர் வழக்கம்ங்க." அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பது நிற்கிற பொருள் அல்ல, நடக்கிற பொருள்.

வேர்வினை 'வழங்கு'. பழந்தமிழில் காட்டில் யானை வழங்குகிறது என்றால் அங்கே யானை நடமாடுகிறது என்று அர்த்தம். ஆள் வழங்காத பாதை என்றால் யாரும் போகாத பாதை. காசு வழங்குவதும் சொல் வழங்குவதும் அந்த நடமாட்டத்தின் நீட்சி. பலர் போய் வந்து நிலைத்தது வழக்கம். ஒருவர் உடம்போடு ஒட்டிக்கொண்டது பழக்கம். காலையில் காபி குடிப்பது என் பழக்கம். வந்தவருக்குக் காபி கொடுப்பது வீட்டு வழக்கம்.

இலக்கணக்காரர்கள் இந்தச் சொல்லைக் கையாண்ட விதம் தாராளமானது. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று பிரித்தார்கள். சொல் வழக்கொழியும் என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். காலத்தோடு பழையது விழுவதும் புதியது நுழைவதும் குற்றமாகாது என்று நன்னூல் விதியாகவே சொல்லிவிட்டது. சொல்லுக்குக் கொடுத்த இந்தச் சலுகையைச் சடங்குக்குக் கொடுக்க மட்டும் நமக்கு மனம் வரவில்லை.

அதே வேரில் இன்னொரு கிளை: வழக்கு. நீதிமன்றத்தில் போடுகிறோமே, அது. திருக்குறள் உரைப்பாயிரத்தில் பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுக்கிறார். ஒரே பொருளை ஆளுக்காள் தனக்கென்று சொல்லி மாறுபடுவதுதான் அவருக்கு வழக்கு. நடைமுறைக்கும் தகராறுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது எனக்கு வியப்பாக இல்லை. வழக்கம் இருக்கிற இடத்தில் அதைக் கேட்கிறவனும் இருப்பான்.

வழக்கமும் வழக்கும் நேருக்கு நேர் மோதியது கமுதியில். 1897இல், அதுவரை உள்ளே விடப்படாத நாடார்கள் அங்குள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ஜமீன்தாரான சேதுபதி வழக்குப் போட்டார். மதுரையில் தொடங்கி சென்னை உயர் நீதிமன்றம் வழியாக லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்கள் தோற்றார்கள். நுழையவிடாத வழக்கம் நெடுநாள் இருந்திருக்கிறது. நெடுநாள் இருந்ததே அதற்குச் சட்ட பலம். வழக்கில் வழக்கம் ஜெயித்தது.

அந்தத் தர்க்கம் பிறகு சட்டத்தில் உடைந்தது. 1947இன் சென்னை ஆலயப் பிரவேசச் சட்டம் எல்லா இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்தது. அரசமைப்பின் 13ஆம் உறுப்பு, சட்டத்தின் வலுவுள்ள வழக்கமும் அடிப்படை உரிமைக்கு முரணானால் செல்லாது என்றது.

வழக்கம் மாறினால் சாமி கோபித்துக்கொள்ளும் என்பவர்கள் ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வரலாம். மலையை வலம் வருவது பழையது. மாதாமாதம் லட்சக்கணக்கில் கூடி, சிறப்புப் பேருந்து ஏறி வந்து, 14 கிலோமீட்டர் தார்ச்சாலையில் வெறுங்காலோடு விடிய விடிய நடப்பது சென்ற நூற்றாண்டின் கடைசியில் பெருகியது. ஊர்க்காரர்கள் 'மலை சுத்தறது' என்பதைப் பேருந்துப் பலகை 'கிரிவலம்' என்கிறது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு எந்தப் பஞ்சாயத்தும் கூடவில்லை. கால்கள் வந்தன, வழக்கமாயிற்று.

கால்களை மறித்த வழக்கமும் இதே மாவட்டத்தில்தான். தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருப்பது. தை மாதத் திருவிழாவில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு நாள் உண்டு. பட்டியல் சமூகத்தாருக்கு மட்டும் நாளும் இருந்ததில்லை, நுழைவும் இருந்ததில்லை. 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் துறையும் உடன்வர, அவர்கள் முதன்முறையாக உள்ளே போய் வழிபட்டார்கள். வெளியே எதிர்ப்புக் கூட்டம் நின்றது. 1947இன் சட்டம் சென்னையிலிருந்து தென்முடியனூர் வந்து சேர எழுபத்தைந்து ஆண்டு பிடித்திருக்கிறது. அதுவும் போலீஸ் துணையோடு.

எதிர்த்தவர்கள் சொன்னதும் 'காலங்காலமான வழக்கம்' என்பதுதான். ஒரு தெருவின் ஆட்கள் ஒரு வாசலில் வழங்கவே முடியாது என்றால், பழந்தமிழ்ப் பொருளில் அங்கே இருந்தது வழக்கமே அல்ல, அடைப்பு. சொல்லாராய்ச்சி பூட்டைத் திறக்காது என்பது எனக்கும் தெரியும். தென்முடியனூரில் அதைத் திறந்தது மனு, பேச்சுவார்த்தை, காக்கிச்சட்டை. அதே ஆண்டு ஆகஸ்டில் இதே மாவட்டத்துச் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலும் அதே விதமாகத்தான் திறந்தது.