துண்டும் எண்ணும்: ஊவாத் தோட்டங்களிற் கட்டுப்பாட்டின் வரலாறு

மனிதர் எண்களாகக் குறுக்கப்படும் எதிர்காலத்தை ஐரோப்பிய அறிவியற் புனைகதை அச்சத்தோடு கற்பனை செய்தது. ரஷ்ய எழுத்தாளர் சம்யாத்தின் 1920-21இல் எழுதிய ‘நாங்கள்’ நாவலின் மாந்தருக்குப் பெயரில்லை, எண்ணே உண்டு. அக்காலத்துப் பதுளைத் தோட்டங்களில் இது கற்பனையன்று, நடைமுறை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தோட்ட எண் பொறித்த தகரவில்லையைச் சுமந்தே மலையேறினர். தப்பொலி துயிலெழுப்பியது, பெரட்டுக்களம் தலையெண்ணியது. செக்ரோலில் ‘அரைப்பேர்’ விழுந்தால் அரைநாட் கூலியே. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலை 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சிறைக்குரிய குற்றமாக்கியிருந்தது. இவற்றினும் வலியது ‘துண்டு’. இன்ன தொகைக் கடன் தீர்ந்தால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிய அச்சீட்டு இன்றேல் வேறு தோட்டம் அவர்களை ஏற்காது. கடனோடு மனிதரும் கைமாறினர்.

ஆகவே, அடக்குமுறைக்குப் பெரும் யந்திரம் இன்றியமையாததன்று. கடதாசியும் கடனும் போதும். கருவி எவ்வர்க்கத்தின் கையிலுள்ளது என்பதே அடிப்படை வினா.

துண்டுமுறை 1921இற் சட்டத்தால் ஒழிந்தது, துரைத்தனம் ஒழியவில்லை. சம்யாத்தினின் நாயகன் ஈற்றில் அறுவைச் சிகிச்சையாற் கற்பனையாற்றலை இழந்து அரசுக்குப் பணிகிறான். ஊவாவிலோ, சமசமாஜிகள் முன்னின்ற 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்த அலையின்போது, வெவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தேர்ந்தனர். அதனைக் கலந்தே செயற்படத் துரை இணங்க நேர்ந்தது. அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் அவர்கள் களைந்தனர்.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கி, மீண்டும் கடதாசியாற் கட்டியது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை அளித்தது. எனினும், தனிமனித சுதந்திரம் கூட்டுப் போராட்டத்திலேயே பிறக்கிறது என்னும் உண்மையை வெவெஸ்ஸ முன்னரே நிறுவிவிட்டது.