பிறந்த பின் அடங்கும் மரபணு: முதிர்கரு ஹீமோகுளோபின் ஆய்வின் வரலாறு

முதிர்கரு ஹீமோகுளோபின் என்பது தாயின் கருப்பையில் வளரும் குழந்தையின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமாகும். குழந்தை பிறந்த சில மாதங்களில் இதன் உற்பத்தி பெருமளவு குறைந்து, வளர்ந்தோருக்குரிய ஹீமோகுளோபின் அதன் இடத்தைப் பிடிக்கிறது. முதிர்கரு ஹீமோகுளோபினுக்கான மரபணு அழிவதில்லை. உடல் அதனை அடக்கி வைக்கிறது. அதை அடக்குவது எது என்ற கேள்விக்கு, ஆய்வகச் சோதனையும் கணினிவழிப் பகுப்பாய்வும் கைகோத்த பின்னரே தெளிவான விடை கிடைத்தது. அவ்விடை ஒரு கொடிய பரம்பரை நோய்க்கான சிகிச்சையாகவும் மாறியது.

அரிவாள் செல் சோகை

1910-ஆம் ஆண்டு சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், சோகையால் வாடிய ஒருவரின் இரத்தத்தில் கதிர் அரிவாள் போல வளைந்த சிவப்பணுக்களைக் கண்டதாக எழுதினார். 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் இந்நோயாளிகளின் ஹீமோகுளோபினே வேறுபட்டது எனக் காட்டினர். அப்புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பதே காரணம் என்பதை 1957-இல் வெர்னன் இங்கிராம் நிறுவினார். குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருந்தது. ஆக்சிஜன் குறையும்போது இத்தகைய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகின்றன. வளைந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களை அடைப்பதால் கடும் வலியும் உறுப்புச் சேதமும் உண்டாகின்றன.

இதற்கிடையே 1948-இல் நியூயார்க் குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் முக்கியமான ஒன்றைக் கவனித்தார். இக்குறைபாட்டுடன் பிறந்த பச்சிளங் குழந்தைகளின் சிவப்பணுக்கள் அதிகம் வளையவில்லை. அவற்றிலுள்ள முதிர்கரு ஹீமோகுளோபினே குழந்தைகளைக் காக்கிறது என அவர் கருதினார். அது வாழ்நாள் முழுவதும் சுரந்தால் நோய் தணியும் என்ற எண்ணத்திற்கு இதுவே வித்து.

மரபணுவின் கட்டுப்பாடு

மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் தனி ஏற்பாடுகள் உள்ளன என்பதை 1961-இல் பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ஆகியோர் பாக்டீரியாவைக் கொண்டு விளக்கினர். 1965-இல் ஆந்திரே லுவோஃபுடன் சேர்ந்து நோபல் பரிசும் பெற்றனர். ஆனால் மனித மரபணுத்தொகை ஏறத்தாழ 300 கோடி கார இணைகளைக் கொண்டது. அதில் ஒரு மரபணுவை அடக்கும் பகுதியைச் சோதனைக் குழாயைக் கொண்டு மட்டும் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதற்கு ஒப்பாகும்.

கணினி இத்தேடலை எளிதாக்கியது. முதிர்கரு ஹீமோகுளோபின் கூடுதலாக உள்ளோர், குறைவாக உள்ளோர் ஆகிய இரு சாராரின் டி.என்.ஏ.வையும் பல இலட்சம் இடங்களில் ஒப்பிட்டுப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தனர். 2007, 2008-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் இரண்டாம் குரோமோசோமில் உள்ள பிசிஎல்11ஏ என்ற மரபணுவைச் சுட்டின. ஹீமோகுளோபினின் பீட்டா, காமா சங்கிலிகளுக்கான மரபணுக்களோ பதினோராம் குரோமோசோமில் உள்ளன.

புள்ளியியல் இடத்தைக் காட்டியதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. 2008-இல் பாஸ்டனில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் சிவப்பணுக்களின் முன்னோடிச் செல்களில் பிசிஎல்11ஏ அளவைக் குறைத்தனர். முதிர்கரு ஹீமோகுளோபின் உயர்ந்தது. 2011-இல் அரிவாள் செல் சோகையுள்ள எலிகளில் இம்மரபணுவை நீக்கியபோது நோய் தணிந்தது.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் மூளை வளர்ச்சிக்கும் பிசிஎல்11ஏ தேவை. எனவே உடல் முழுவதும் அதை நீக்க இயலாது. 2013-இல் டேனியல் பாவர் உள்ளிட்டோர் அதற்கு வழி கண்டனர். முன்பு கணினி சுட்டிய டி.என்.ஏ. வேறுபாடுகள், அம்மரபணுவுக்குள் புரதத்தைக் குறிக்காத ஒரு பகுதியில் அமைந்திருந்தன. அது சிவப்பணு உருவாகும் செல்களில் பிசிஎல்11ஏயின் செயலைத் தூண்டும் ஊக்கிப் பகுதி எனத் தெரிந்தது. 2015-இல் கிரிஸ்பர் முறையில் அப்பகுதி நெடுகிலும் வெட்டுகள் இட்டு, எந்த வெட்டு அதிகப் பயன் தருகிறது எனக் கணக்கிட்டு, உரிய குறுகிய இடத்தை வரையறுத்தனர்.

சிகிச்சையும் அதன் எல்லையும்

அதே ஊக்கிப் பகுதியைத் திருத்தும் கேஸ்கெவி என்னும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, மீண்டும் உடலில் செலுத்துகின்றனர். அதற்கு முன் கடுமையான வேதிமருந்தால் எலும்பு மஜ்ஜையில் உள்ள பழைய அணுக்களை அகற்ற வேண்டும். அமெரிக்காவில் இதன் விலை 22 இலட்சம் டாலர்.

இந்தியாவில் அரிவாள் செல் பற்றிய முதல் பதிவுகளுள் ஒன்று, 1952-இல் லேமன், கட்புஷ் ஆகியோர் நீலகிரிப் பழங்குடியினரிடையே செய்த ஆய்வாகும். 2047-க்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்குடன் இந்திய அரசு 2023 ஜூலையில் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பரிசோதனையும் மரபியல் ஆலோசனையும் அதன் முதன்மைப் பணிகள். மரபணுவை அடக்குவது எது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவ்விடையின் பயன் மலைக் கிராமத்தில் வாழும் நோயாளியின் கைக்கு எட்டுவதே இனி எஞ்சியுள்ள பணியாகும்.